ஆறாம் நம்பர் வீட்டுக்காரி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் கண்டது பகல் இரண்டு மணிக்கு. வெளியே கோழி மேய்ந்துகொண்டிருந்தது. குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமெல்லாம் காதில் விழ விழத்தான் அது நடந்தது.

கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. என் பெயர் தாணு. மில்லில் பிட்டர். எந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று பார்த்துச் சொல்கிற வேலை. எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்பித்தான் அத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போனால்கூட வில்லுப்பாட்டு கேட்பேன். சாமியாட்டம் தொடங்கியதும் கடலை வாங்கப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது நடந்தது. 1961, ஆனி மாதம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். கடைசியில் சிரிக்க முடியாது.

தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற வழியில் அப்போது ஒரு நூல் மில் இருந்தது. இப்போது இல்லை, அதனால் பெயர் வேண்டாம். மில்லுக்குப் பின்னால் தொழிலாளிகளுக்கு லைன் வீடுகள். பத்து வீடு, ஒரே வரிசை, ஒரே ஓட்டுக்கூரை. எல்லாம் ஒரே அச்சு. முன்னால் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குத் தாழ்வாரம், நடுவில் ஒரு அறை, பின்னால் அடுப்படி. குடித்துவிட்டு வருகிறவன் வீடு மாறிப் போய் அடி வாங்குவது மாதம் ஒருமுறை நடக்கும்.

கட்டினவர்கள் செங்கல்லை மிச்சம் பிடித்திருந்தார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. எட்டடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஓடுவரை வெறும் வெளி. முதல் வீட்டில் கருவாடு சுட்டால் பத்தாம் வீட்டுக்காரன் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். புருஷன் பெண்டாட்டி ரகசியமாகச் சண்டை போடவேண்டுமென்றால் வயக்காட்டுக்குத்தான் போகவேண்டும். மரத்திலும் அதே சிக்கனம். இரண்டு வீட்டுக்கு ஒரு உத்தரம். அது நடுச்சுவரின் தலைமேல் உட்கார்ந்து, பாதி இந்த வீட்டிலும் பாதி அந்த வீட்டிலுமாக நீளும். அங்கே தொட்டில் ஆடினால் இங்கே கொடியில் கிடக்கும் துணி அசையும்.

எங்களுக்கு ஐந்தாம் நம்பர் வீடு. எங்கள் உத்தரத்தின் மறுபாதி மேற்கே ஆறாம் நம்பரில் இருந்தது. ஆறாம் நம்பர் பூட்டிக் கிடந்தது. பூட்டில் துரு ஏறியிருந்தது. வீடு கிடைக்காமல் எத்தனையோ பேர் அலைந்த காலம்; அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் மனைவி முத்துவடிவுக்கு மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை. காலை எட்டிலிருந்து ஐந்துவரை. எனக்கு ராத்திரி ஷிப்ட். அவள் வாசலைத் தாண்டும்போது நான் உள்ளே வருவேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகப் பார்ப்போம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள் நாச்சியார். அப்போது எட்டு மாதம். பகலெல்லாம் அவள் தொட்டிலில், நான் பாயில். மதியம் பன்னிரண்டு மணி மில் சங்குக்கு முத்துவடிவு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். மற்ற நேரத்தில் பிள்ளைக்கு நான்தான் காவல். நல்ல காவல்! ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவன் பகலில் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டான். எனக்குப் பகல் இரண்டு மணிதான் நடுச்சாமம்.

அதற்காக லைனில் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். 'குரல் கொடுப்பது' என்பார்கள். கிழக்கே நாலாம் நம்பரில் இருந்த முப்பிடாதியம்மாள்தான் அதை முத்துவடிவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவள், வாய் பெரிசு, மனசும் பெரிசு. பக்கத்து வீட்டுப் பெண்களை லைனில் 'மைனி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சங்கு ஊதினதும் சுவத்தத் தட்டி, 'மைனி, பிள்ளை கெடக்கு'ன்னு சொல்லு. அந்தப் பக்கம் பதில் வாங்காம நடையத் தாண்டாத. பிள்ளை அழுதா எனக்குக் கேக்கும், நான் ஓடியாந்துருவேன். சாயந்திரம் வந்ததும் அதே சுவத்தத் தட்டி 'வந்துட்டேன்'னு சொல்லணும். சொன்னாத்தான் பிள்ளை உன் கைக்கு வந்ததா அர்த்தம். அதுவரைக்கும் அவ என் பொறுப்புட்டி."

ஒரு மாதம் ஒழுங்காகத்தான் போயிற்று.

ஆனி பிறந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சாரல் வலுத்து, கிழக்குச் சுவரோரம் ஓடு ஒழுகியது. பிள்ளைமேல் சொட்டுகிறது என்று தொட்டிலை அவிழ்த்து உத்தரத்தின் மேற்கு முனையில் கட்டினேன். பாய், பானை, பெட்டி எல்லாம் மேற்கே நகர்ந்தன.

மறுநாள் காலை. நான் ஷிப்ட் முடிந்து வந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதிவிட்டது. முத்துவடிவு அவசரமாகப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். வழக்கம்போலத் தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைத் தட்டினாள்.

"மைனி, பிள்ளை கெடக்கு."

பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

"போயிட்டு வா... நான் பாத்துக்கிடுதேன்."

கொஞ்சம் கம்மிய குரல். மைனிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முத்துவடிவு ஓடிவிட்டாள்.

அன்று மதியம் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. க்ரீச்... க்ரீச்... தொட்டில் கயிறு உத்தரத்தில் உராய்கிற சத்தம். முத்துவடிவு பால் கொடுக்க வந்திருக்கிறாள் என்று புரண்டு படுத்தேன். கண்ணைப் பாதி திறந்தபோது எதிரே டைம்பீஸ். மணி இரண்டு பத்து. அவள் வந்துபோய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். இதை யோசிப்பதற்குள் மறுபடி தூங்கிவிட்டேன்.

சாயந்திரம் முத்துவடிவு வீடு வந்து சுவரைத் தட்டுவதற்கு முன்பே முப்பிடாதியம்மாள் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டாள். "என்னட்டி, இன்னைக்குக் குரல் குடுக்காமப் போயிட்ட?"

"நீங்கதான மைனி பதில் சொன்னீங்க?"

"நான் எங்கன சொன்னேன்?"

முத்துவடிவு வந்து என்னிடம் சிரித்தாள். "மைனிக்கு மறதி வந்துட்டுங்க." மறுநாளிலிருந்து சுவரை நம்பாமல் நாலாம் வீட்டு வாசலுக்கே போய் நேரில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

செவ்வாய், மதியம் இரண்டு மணி. க்ரீச்... க்ரீச்... நான் எழுந்து பார்த்தேன். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சாரல் காற்று என்று முடிவு கட்டினேன். ஆனால் காற்றில் ஆடுகிற தொட்டில் கோணலாக ஆடும், சுற்றும். இது நேராகப் போய் நேராக வந்தது. யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுகிறமாதிரி.

நான் பிட்டர் இல்லையா? புதன்கிழமை பெட்டிமேல் ஏறி உத்தரத்தைத் தடவிப் பார்த்தேன். உளுப்பு இல்லை, எலி இல்லை, ஆட்டம் இல்லை. ஆறாம் நம்பர் வாசலுக்குப் போய்ப் பூட்டையும் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கதவிடுக்கில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதை யாரும் கிழிக்கவில்லை.

அதற்குள் வேறொன்று தொடங்கிவிட்டது. அதுதான் எங்களை உலுக்கியது. நாச்சியார் அவள் அம்மாவிடம் போகவில்லை. ராத்திரி முத்துவடிவு மடியில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மேற்குச் சுவரின் உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் விளையாட்டுக் காட்டாமலே அங்கே பார்த்துச் சிரிப்பாள். பால் குடிக்கமாட்டாள். நாலு நாளில் பிள்ளையின் கன்னம் வற்றிவிட்டது.

"எங்கிட்ட வரமாட்டேங்காங்க," என்று முத்துவடிவு அழுதாள். "பெத்தவளத் தெரியாத மாதிரிப் பாக்கா."

வெள்ளிக்கிழமை. தூங்குவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வெளியே மெல்லிய சாரல். அதிலும் குழாயடிச் சண்டை கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்று ஐம்பதுக்கு நாச்சியார் சிணுங்கினாள். எழுந்திருக்கப் போனேன். அதற்குள் சிணுங்கல் நின்றுவிட்டது.

தொட்டில் அசைந்தது.

க்ரீச்...

ஒரு வாசனை வந்தது. மல்லிகைப்பூ என்று நினைக்காதீர்கள். புளியும் சாம்பலும் கலந்த வாசனை. பாத்திரம் விளக்குகிற வாசனை. எங்கள் அடுப்படியில் காலையிலிருந்து யாரும் பாத்திரத்தைத் தொடவில்லை.

க்ரீச்... க்ரீச்...

மெல்லிய முனகல். பாட்டு இல்லை. வாயை மூடிக்கொண்டு பிள்ளையைத் தூங்கவைக்கிறவள் முனகுவாளே, அது. "ம்ம்... ம்ம்... ம்ம்..." சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

எப்படித் துணிந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பெட்டியை இழுத்துச் சுவரோரம் போட்டேன். அதன்மேல் ஏறினேன். சுவரின் தலையைப் பிடித்து உன்னி எழும்பி, ஆறாம் நம்பர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

அரையிருட்டு.

காலியான அறை. தரையில் தூசி. அதில் ஒரு காலடிகூட இல்லை.

உத்தரத்தின் அந்தப் பாதியில் ஒரு பழைய தொட்டில் கயிறு தொங்கியது. தொட்டில் இல்லை. வெறும் கயிறு.

அது ஆடியது.

எங்கள் தொட்டிலோடு சேர்ந்து... போனது... வந்தது...

பிறகு நின்றது. நான் பார்ப்பது தெரிந்தமாதிரி.

என் காதுக்குப் பக்கத்தில்... மூச்சுக்காற்று படுகிற தூரத்தில்...

"சத்தம் போடாதீங்க... இப்பத்தான் கண்ணசந்தா."

பெட்டியிலிருந்து விழுந்தேன். பிள்ளையை அள்ளிக்கொண்டு சாரலில் ஓடியது நினைவிருக்கிறது. நாலாம் நம்பர் வாசலில் உட்கார்ந்தபோது முழங்காலில் ரத்தம். முப்பிடாதியம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்தாள். மில்லுக்கு ஆள் அனுப்பி முத்துவடிவை வரவழைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் முத்துவடிவைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏட்டி, திங்கக்கெழம நீ எந்தச் சுவத்தத் தட்டுன?"

முத்துவடிவு யோசித்தாள். தொட்டில் எங்கே இருந்தது என்று யோசித்தாள்.

"மேக்குச் சுவத்த, மைனி."

முப்பிடாதியம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்த வீட்ல பேராச்சின்னு ஒருத்தி இருந்தா தம்பி. புருஷன் சிலோனுக்குப் போனவன், திரும்பல. ஏழு மாசத்துல ஒரு பொம்பளப் பிள்ளை. அவளும் ரீலிங்தான். உங்களுக்கு முன்னால அஞ்சாம் நம்பர்ல இருந்தாள்லா, அவகிட்டத்தான் குரல் குடுத்துட்டுப் போவா. அன்னைக்கும் குடுத்தா. 'பாத்துக்கிடுதேன்'னு பதிலும் வந்துது. நான் என் காதால கேட்டேன். அந்தப் பாவி குழாய்ல தண்ணி வந்துட்டுன்னு குடத்தத் தூக்கிட்டுப் போயிட்டா. பிள்ளை புரண்டு, தொட்டில் சேலைக்குள்ள மூஞ்சி புதைஞ்சு..."

எனக்குக் கொண்டுவந்த தண்ணீரை அவளே எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"சாயந்திரம் பேராச்சி வந்து சுவத்தத் தட்டி 'வந்துட்டேன் மைனி'ன்னா. அந்தப் பக்கம் பதிலே இல்ல. அப்புறந்தான் தொட்டிலத் தொட்டுப் பாத்தா. பிள்ளைய அடக்கம் பண்ணின மறுநா குத்தாலத்துக்குப் போனவ. அருவி விழுற பொங்குமாங்கடல் பக்கத்துல அவ தூக்குவாளி மட்டும் கெடந்துது. ஆளு கெடைக்கல. அது ஆச்சு மூணு வருஷம்."

முத்துவடிவு பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிள்ளை அவளிடமிருந்து திமிறி, மேற்கே பார்த்தது.

"இன்னைக்கே காலி பண்ணிருதோம்," என்றேன்.

"வீட்ட விட்டுப் போனா விட்டுருமா?" என்றாள் முப்பிடாதியம்மாள். "ஒம் பொண்டாட்டி வாய்தொறந்து ஒப்படைச்சிருக்கா. திரும்பி வந்து 'வந்துட்டேன்'னு அந்தச் சுவத்துல சொன்னாளா? சொல்லல. பேராச்சி பாட்டுக்கு ராவும் பகலும் காவல் காத்துக்கிட்டு இருக்கா. ஒப்படைச்சவதான் கேட்டு வாங்கணும்."

சாயந்திரம் ஐந்து மணிச் சங்கு ஊதியது. முத்துவடிவு மேற்குச் சுவருக்கு முன்னால் நின்றாள். பிள்ளை என் தோளில். கதவருகே முப்பிடாதியம்மாள்.

தட்டினாள்.

"மைனி... வந்துட்டேன்."

ஒன்றுமில்லை. சாரல் ஓட்டில் விழுகிற சத்தம்.

"வந்துட்டேன் மைனி."

க்ரீச்... என்று ஒரே ஒரு தரம் உத்தரம் முனகியது.

முத்துவடிவு நெற்றியைச் சுவரில் வைத்தாள். "இத்தன நாளும் பத்திரமா பாத்துக்கிட்டீங்க. எம்பிள்ளைய எனக்குக் குடுத்துருங்க மைனி. ஆறு வருஷம் கழிச்சுப் பெத்தது. எனக்கு வேற இல்ல."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பயமுறுத்துகிற அழுகை இல்லை. வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று அழுவார்களே, லைன் வீட்டுப் பெண்கள் அழுகிற அழுகை. வெகுநேரம் கேட்டது. எனக்குப் பயம் போய்விட்டது.

கடைசியில் ஒரு வார்த்தை.

"சரி."

நாச்சியார் வீறிட்டு அழுதாள். அப்போதுதான் பிறந்த பிள்ளைமாதிரி. முத்துவடிவின் மேல் பாய்ந்து, சேலையைப் பிடித்து இழுத்துப் பால் குடித்தாள். முப்பிடாதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு ஆறாம் நம்பரிலிருந்து சத்தமே இல்லை. நாங்களும் வீட்டைக் காலி செய்யவில்லை. வேறு வீடு யார் தருவார்கள்? நாச்சியார் நடந்தாள், பேசினாள். என்னைத் 'தாணு' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தாழ்வாரம் முழுக்க ஓடினாள். லைனில் பத்து வீட்டிலும் அவளுக்குச் சாப்பாடு உண்டு.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

1962, ஆடி மாதம். நாச்சியாருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. காய்ச்சல். தென்காசியில் பெரிய டாக்டர் பார்த்தார், ஊசி போட்டார், செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார். மூன்றாம் நாள், ஆடி அமாவாசையன்று மதியம், பிள்ளை போய்விட்டது.

முத்துவடிவு அழவில்லை. தூங்கவும் இல்லை. மேற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வேலைக்குப் போவாள், வருவாள், உட்காருவாள். நான் காலையில் வந்து பார்த்தால் நான் விட்டுப்போன இடத்திலேயே இருப்பாள். ஒரு நாள் மட்டும் சொன்னாள்.

"அவ நல்லாத்தான் பாத்துக்கிட்டா. நான்தான் புடுங்கிக்கிட்டேன். அவகிட்டயே விட்டிருந்தா எம்பிள்ளை இருந்திருக்கும்."

அவளும் போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன். உடம்பு பாதியாகிவிட்டது. ராத்திரி ஷிப்டில் எந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் வீட்டில் என்ன ஆகிறதோ என்ற நினைப்புத்தான்.

புரட்டாசியில் மில் லாரியில் என்னைப் புனலூருக்கு அனுப்பினார்கள். ஒரு பல்சக்கரத்தைப் பட்டறையில் கொடுத்து வாங்கி வரவேண்டும். புளியறையில் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. நேரமாகும் என்றார் டிரைவர். பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். மணி ஒன்றரை தாண்டியிருந்தது.

கடைக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். பின்கட்டிலிருந்து ஒரு பெண் அவருக்குக் குரல் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி... நான் பாத்துக்கிடுதேன்."

என் கையில் இருந்த சோறு இலையிலேயே விழுந்தது.

அந்தக் குரல். கொஞ்சம் கம்மிய குரல். நான் எட்டடிச் சுவருக்கு மேலே காதோரமாகக் கேட்ட குரல். பகல் வெளிச்சத்தில், லாரிச் சத்தத்துக்கு நடுவில்.

எழுந்து பின்கட்டுக்குப் போனேன். ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்து அண்டாவைப் புளிபோட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் பாதி நரை. நிழல் தரையில் விழுந்தது. மூச்சு வாங்கியது. உயிரோடு இருக்கிற பெண்.

"பேராச்சி...?" என்றேன்.

அவள் கை நின்றது. "எங்கன உள்ளவுக நீங்க?"

"தென்காசி மில். லைன் வீடு. அஞ்சாம் நம்பர்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பயப்படவில்லை. தெரிந்தவரைப் பார்க்கிறமாதிரி பார்த்தாள்.

"நாச்சியோட அப்பாவா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையின் பெயரை நான் சொல்லவே இல்லை.

"நீங்க செத்துப்போயிட்டதாச் சொன்னாங்க," என்றேன்.

"சாவத்தான் போனேன். தூக்குவாளிய வச்சிட்டு இறங்கினேன். காலு வரல. அப்படியே நடந்து இங்கன வந்துட்டேன். அந்தப் பக்கம் அதுக்கப்புறம் வந்ததே இல்ல." அண்டாவைத் திருப்பிவைத்தாள். "இங்கன வேலை முடிய ரெண்டு மணி ஆவும். அந்தா கெடக்க கோணிச் சாக்குல தலைய வப்பேன். அப்பன்னு இல்ல, எப்பக் கண்ண மூடினாலும் ஆறாம் நம்பர்ல இருப்பேன். கையில தொட்டில் கயிறு இருக்கும். எம்பிள்ளை இல்லன்னு தெரியும். ஆனா ஒருத்தி குரல் குடுத்துட்டுப் போனாள்லா? விட்டுட்டு வர முடியுமா? நீங்ககூட ஒருநா சுவத்துக்கு மேல எட்டிப் பாத்தீங்க. சத்தம் போடாதீங்கன்னேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"அப்புறம் அவ அம்மை வந்து கேட்டா. குடுத்துட்டேன். கனவும் நின்னு போச்சு." கையில் ஒட்டிய புளியை வழித்துப் போட்டாள். "பிள்ளை நல்லாருக்காளா?"

எப்படிச் சொல்வது? இவளிடம்?

"நல்லாருக்கா," என்றேன்.

"அதான பாத்தேன். நல்லா வளந்துட்டா. காலு தொட்டிலுக்கு வெளிய தொங்குது."

அவள் பக்கம் குனிந்தேன்.

"எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தான் தெனமும் வாராளே. இந்த ஆடி அமாவாசையிலேர்ந்து. இந்தத் தடவ யாரும் குரல் குடுக்கல. நான் கண்ண மூடுனா தொட்டில் அங்கன இருக்கு, அவ உள்ள கெடக்கா." அவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. "பச்சப் பட்டுல கட்டியிருக்கீங்க. சரிகை போட்ட பட்டு. தொட்டிலுக்கு யாராவது கல்யாணச் சேலையக் கட்டுவாவளா?"

அது முத்துவடிவின் கல்யாணச் சேலைதான். நாச்சியாரை அதில் சுற்றித்தான் புதைத்தோம்.

அங்கே லாரி ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"அவ அம்மை ஏன் இன்னும் வந்து கேக்கல?" என்றாள் பேராச்சி. "பொழுது சாஞ்சா பிள்ளை வாசலயே பாக்கா."

"வேலை... மில்லுல வேலை அதிகம்," என்றேன்.

"அப்படியா." கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "மெதுவா வரட்டும். அவசரம் இல்லன்னு சொல்லுங்க. அவ வார வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டுச் சாக்கில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மணி இரண்டு.

அன்று ராத்திரி ஷிப்டுக்கு நான் போகவில்லை. முத்துவடிவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அசையாமல் கேட்டாள். சேலையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதாளாமா?" என்று கேட்டாள்.

"இல்லையாம். நல்லாத் தூங்குதாளாம்." இதை மட்டும் நானாகச் சொன்னேன்.

முத்துவடிவு அழுதாள். பிள்ளை போனபிறகு முதல் தடவையாக, லைனில் பத்து வீட்டுக்கும் கேட்கும்படி, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள். யாரும் வந்து என்ன என்று கேட்கவில்லை. பிறகு பாயை விரித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. அவள் தூங்கிவிட்டாள்.

நான்தான் விடியும்வரை விழித்திருந்தேன்.